நிற்காமல் ஓடிய ஆட்டுக்குட்டிப் பாட்டு

போன வருடம் ஏலக்காய் பறிப்பு நேரத்தில் நடந்தது இது. போடியிலிருந்து மலையேறி, போடிமெட்டு தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் சின்னத் தோட்டம். பறிப்பு முடியும்வரை நானும் கணவரும் இரண்டரை வயது மகளும் அங்கேயே தங்கியிருந்தோம்.

அங்கே சிக்னல் கிடையாது. அதனால் ஊரில் இருக்கும்போதே ஓர் ஆட்டுக்குட்டிப் பாட்டு வீடியோவை போனில் இறக்கி வைத்திருந்தேன். அது ஓடினால்தான் மகள் ஓரிடத்தில் உட்காருவாள். பிள்ளை கையில் போன் கொடுப்பது தப்பென்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் காயைத் தரம் பிரிக்க வேண்டும், சமைக்க வேண்டும், நடுவில் அவளை யார் பார்ப்பது? கொடுத்துவிட்டு, கொடுத்திருக்கக் கூடாதோ என்று நாள் முழுக்க யோசிப்பேன். மறுநாளும் கொடுப்பேன்.

பாட்டு சட்டென்று முடிந்துவிடும். உடனே போனோடு வந்து என் நைட்டியைப் பிடித்து இழுப்பாள். "பாட்டு போடு!" தூசிக் கையைத் துடைத்து, போட்டுக் கொடுத்துத் திரும்புவதற்குள் மறுபடி வந்து நிற்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், திரையில் தெரிந்த புள்ளி, கோடு எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்து, வீடியோ தானாகவே திரும்பத் திரும்ப ஓடும்படி செய்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது.

அன்று மத்தியானம் உள்ளறையில் காய் பிரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு கேட்கிறது, பிள்ளை இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்று கிளம்பிய சத்தத்தைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பால் ஆற்றி எடுத்துக்கொண்டு போனால், பாயில் போன் மட்டும் கிடந்து பாடிக்கொண்டிருக்கிறது.

கால் நேராகப் படுதாக் குளத்துக்கு ஓடியது. பள்ளம் வெட்டி, பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் தேக்கியிருக்கும் குளம் அது. விழுந்தால் பெரியவர்களே வழுக்கி வழுக்கி ஏற முடியாது. நான் கத்திய கத்தலில் தோட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்த கணவர், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அவர் முங்கி முங்கி எழும்போதெல்லாம் கையில் பிள்ளை வருகிறாளா என்றுதான் பார்த்தேன். அப்படிப் பார்த்து நிற்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

அப்போதுதான் பாதையில் ஹாரன் சத்தம். பக்கத்துத் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கீழே போன ஜீப், திரும்பி வந்து நின்றது. ஓர் அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"இந்தா ஆத்தா, உன் பிள்ளையா? முதல்ல பிடி."

வேலை முடிந்து போகும் வழியில், எங்கள் வாசல் குழாயில் கைகால் கழுவ அவர்கள் நின்றிருக்கிறார்கள். இவள் வேடிக்கை பார்க்க வெளியே வந்திருக்கிறாள். அவர்களில் சிலர் பிள்ளைகளையும் கூட்டி வருவதுண்டு. எங்கள் மலையில் ஓடும் ஜீப்புகளில் யார் பிள்ளை என்று கேட்கிற வழக்கமே இல்லை. ஏறுகிற அவசரத்தில், பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

"முன்னாடி இருக்கவ பிள்ளைன்னு நான் நெனச்சேன். அவ என் பிள்ளைன்னு நெனச்சுட்டா. இவ என்னடான்னா 'பாட்டு போடு, பாட்டு போடு'ன்னு ஒவ்வொருத்தி உசுரையும் வாங்குறா. 'உங்காத்தாகிட்டக் கேளு'ன்னேன். சுத்திப் பாத்துட்டு உதட்டப் பிதுக்குனா பாரு, அப்பத்தான் எல்லாருக்கும் பக்குனு ஆச்சு" என்றார் அந்த அக்கா.

"இன்னும் நாலு வளைவு எறங்கியிருந்தா எங்க ரேசன் கார்டுல சேத்துருப்போம்" என்றார் டிரைவர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். உடனே அந்த அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். "பிள்ளையப் பாக்காம அப்படி என்னத்தா சோலி?"

உள்ளே அந்தப் பாட்டு அப்போதும் பாடிக்கொண்டிருந்தது. ஈரத்துணியோடு உள்ளே போன கணவருக்கு அதை நிறுத்தவும் தெரியவில்லை. "இந்தச் சனியன எப்படி அமத்துறது?" என்று கத்தினார். மகளை இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாடித் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் வீடியோ முடிந்தால் நின்றுவிடும், அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறேன். கைவேலையாக இருக்கும்போது அவள் வந்து இழுத்தால் எரிச்சல் இன்றும் வரத்தான் செய்கிறது, சில நாள் அதட்டியும் விடுகிறேன். ஆனால் அவள் வந்து தொந்தரவு செய்யாத நேரத்தை நிம்மதி என்று நினைக்க மட்டும் என்னால் முடிவதில்லை.