குளத்தைச் சுற்றி ஒரு வழி

1. தாண்டாத பந்துகள்

அன்று சண்முகையா அண்ணாச்சி தன் கோல்ஃப் மைதானத்தின் கடைசி ஹோலில் அடித்த பந்தெல்லாம் குளத்தில் விழுந்தது. கைநடுக்கம் வந்த பிறகு அவர் பந்து அந்தத் தண்ணீரைத் தாண்டவே இல்லை. மகள் கோமதி இன்னொரு பந்தை நீட்டினாள். வாங்காமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்து முன்னுக்கு வந்தவர். சிவகிரிப் பக்கம் மலையடியில், சொந்த நிலத்தில் ஒன்பது ஹோல் கோல்ஃப் மைதானம் போட்டார். பெங்களூரில் கிரீன் கீப்பராக இருந்த என்னை ஊருக்கே கூப்பிட்டுக்கொண்டார். புல், மண், தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு.

கடைசி ஹோலைப் போடும்போதே எங்களுக்குள் வாக்குவாதம். முடிவு ஹோல் கடினமாக இருக்கலாம். ஜெயித்துக்கொண்டு வருகிறவனும் அங்கே கொஞ்சம் பயப்பட வேண்டும். ஆனால் இரண்டு வழி வேண்டும். பலமுள்ளவன் தண்ணீரைத் தாண்டி, குழி இருக்கும் கிரீனுக்கு நேரே அடிப்பான். முடியாதவன் கரையோரமாகச் சுற்றி, கூடுதலாக ஓர் அடி அடித்து வந்துசேர்வான். இதைச் சொன்னேன்.

"தாண்ட முடியாதவன் எதுக்கு வே ஆட வாரான்?" என்று சிரித்தார்.

சுற்றி வர வேண்டிய இடது கரையைக் கல்லும் முள்ளுமாகவே விட்டோம்.

2. வேர் பிடிக்காத புல்

அதன்பின் சில மாதம் அவர் மட்டையைத் தொடவில்லை. ஒருநாள் காலையில் போன் வந்தது.

"வே, அந்த இடது பக்கத்தச் சரி பண்ணிரும்."

கல்லை எடுத்து, மண்ணை நிரவி, புல் பத்தைகளைப் பதித்தோம். புதுப் புல் வேர் பிடிக்கும்வரை யாரையும் மிதிக்க விடக்கூடாது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தேன். பதித்து முடித்த வாரமே அண்ணாச்சி வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"வேர் பிடிக்கட்டும் அண்ணாச்சி. அடுத்த மாசம் ஆடலாம்."

"அடுத்த மாசம் நான் இருப்பனா வே?"

கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

வண்டி ஏறினால் புல் பிய்ந்துவிடும். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் பந்து கொஞ்ச தூரமே உருண்டது. எப்படியோ கிரீனுக்கு வந்துவிட்டார். குழி பக்கத்தில்தான். ஆனால் பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டர் மட்டையைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

"நான் தட்டிவிடவாப்பா?"

"வேண்டாம்ட்டி. அது அங்கனயே கெடக்கட்டும். வந்துட்டேம்லா."

குழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போவதா, விலகி நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த வாரம் போய்விட்டார்.

3. ரோலர்

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைசி ஹோலை இன்றைக்குத் தெம்பாக இருக்கிறவனை மட்டும் மனதில் வைத்துப் போடாதீர்கள். அவனுக்கும் உடம்பு தளரும். அன்றைக்கும் அவன் முடித்துவிட்டுப் போகத்தான் விரும்புவான்.

காரியம் முடிந்த பிறகு கோமதியோடு அந்தக் கரைக்குப் போனேன். ஈரப் புல்லில் அவர் கால்தடங்கள் பள்ளம் பள்ளமாகக் கிடந்தன. அப்படியே விட்டால் தண்ணீர் தேங்கிப் புல் அழுகிவிடும். ரோலர் ஓட்டிச் சமப்படுத்த வேண்டும். எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். அவளுக்கே புரிந்தது.

"ஓட்டிருங்கண்ணே. நான் அங்குட்டுப் போயிருதேன்."

அவள் மறையும்வரை காத்திருந்து, நானே ரோலரை எடுத்தேன்.