நான் ஓட்டினால் மட்டும் திணறிய வேன்: திருச்சியிலிருந்து தொப்பம்பட்டிக்கு

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் பேருந்துப் பயணங்கள். நானே ஸ்டியரிங் பிடித்து வெளியூர் போன முதல் பயணம் இதுதான். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் நாத்தனார் புவனாவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. பழனிக்கு வடக்கே, தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமன் என் கணவர் கதிரேசன். புவனாவுக்கு இவரை விட்டால் உடன்பிறந்தவர் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரம் முடிகிறது. ஆக, நாங்கள் போய்ச் சேர்ந்தால்தான் விசேஷம்.

எங்களிடம் இருப்பது இருபது வருடத்துப் பழைய பெட்ரோல் வேன். மூக்கு இல்லாமல் தட்டையாக இருக்கும் வகை. முன் இருக்கைகளைத் தூக்கினால் கீழே ஒரு தகர மூடி, மூடிக்கு அடியில் இன்ஜின். எப்போதும் இவர்தான் ஓட்டுவார். ஆனியில் பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியதில், மூன்று மாதம் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீரோவில் தூங்கிய என் லைசென்ஸுக்கு அப்போதுதான் வேலை வந்தது.

நான் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து வண்டிக்கு ஒரு வியாதி. மேடு ஏறும்போது, அல்லது நாலாவது கியரில் கொஞ்சம் மிதிக்கும்போது, டப் டப்பென்று உதைத்துத் திணறும். இன்ஜினின் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாதது மாதிரி இருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். திருச்சியில் இரண்டு கடைகளில் காட்டினோம். இரண்டு மெக்கானிக்குகளும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “வண்டி வெண்ணெய் மாதிரி போகுதே” என்றார்கள். இரண்டாவது கடையில் நாலு பேர் நிற்கும்போதே இவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அப்ப டிரைவரத்தான் மாத்தணும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளட்ச்சை நான்தான் சரியாக விடுவதில்லை போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டும் விட்டேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பின்னால் சீர்த்தட்டுகள், இரண்டு வாழைத்தார், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. மணப்பாறை தாண்டும் வரை ஒன்றுமில்லை. சமவெளி, நாலு வழிச்சாலை, ஞாயிற்றுக்கிழமைக் காலை. புதிதாக ஓட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல சாலை கிடைக்காது. அதற்குப் பிறகு வந்த முதல் மேம்பாலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. டப். டப் டப். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.

“கிளட்ச்ச முழுசா விடு” என்றார் இவர்.

“விட்டுட்டேங்க. காலு அதுமேலயே இல்ல.”

“பின்ன ஏன் ஒதைக்குது?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

வடமதுரையில் சாலையை விட்டு இறங்கி டீ குடித்தோம். பொங்கலும் வடையும் இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். அங்கேயே புவனா போன் செய்தாள். “அண்ணி, எங்க வாரீக? ஆசாரி பத்தரைக்கே வந்துருவாராம்.” வடமதுரை என்றேன். வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது எட்டேகால். ஞாயிறு என்பதால் பட்டறைகள் மூடிக் கிடந்தன. பேகம்பூரில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும் என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். அங்கே போய் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி, வாய் ஓயாத பேச்சு. எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நான் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“எல்லாம் பெட்ரோல் பண்ற வேலைம்மா. இப்ப வர்ற பெட்ரோலு பழைய வண்டிக்குச் சேராது. பிளக்க மாத்திருவோம், செத்த நேரம் இருங்க.”

பிளக்குகளை மாற்றினார். இவர் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். பாய் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனோம். ஒரு உதை கூட இல்லை. எனக்குச் சந்தேகம் தீரவில்லை. “நான் ஓட்டிப் பாக்கட்டுமா பாய்?” என்றேன். இப்போது அவர் பக்கத்து இருக்கைக்கு மாறினார். ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றினேன், மூன்றாவது கியர், நாலாவது கியர். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

“நல்லாத்தானம்மா ஓட்றீங்க. ஒங்களப் போயி யாரு கொற சொன்னா?” என்றார் பாய்.

பட்டறைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தினேன். டீக்கடைப் பக்கம் ஒரு முறை பார்த்தேன். பிளக்குக்கும் கூலிக்குமாக எழுநூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு நிம்மதியாகக் கிளம்பினோம். ஊரைத் தாண்டி, பழனி சாலையில் வந்த முதல் ஏற்றத்தில் டப் டப் டப்.

அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புது பிளக்கு, அதே வண்டி, அதே பெட்ரோல், அதே நான். பத்து நிமிடம் முன்னால் பாலத்தில் ஒழுங்காக ஏறிய வண்டிக்கு இப்போது என்ன வந்தது?

“மெக்கானிக்கு பக்கத்துல இருந்தா கவனமா ஓட்ற. நான் இருந்தா அசால்ட்டு” என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த உண்மையைச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. உண்மையாகவே அப்படி இருக்குமோ? இவர் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கால் நடுங்குகிறதா? ஆக்ஸிலேட்டர் மேலிருந்த என் வலது காலை நானே குனிந்து பார்த்துக்கொண்டேன். ஓட்டும்போது தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

ஒட்டன்சத்திரம் வரும்போது பத்து நாற்பது. காய்கறிச் சந்தை லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. மாலை வாங்க மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிறுத்த இடமில்லை. இவர் இறங்கிப் பூக்கடைக்குப் போனார், நான் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி வரக் கிளம்பினேன். காலி ரோட்டில் ஒரு சின்ன ஏற்றம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். ஒன்றுமில்லை. வேண்டுமென்றே திரும்பி வந்து அதே ஏற்றத்தில் இன்னொரு முறை ஏறினேன். ஒன்றுமில்லை.

பூக்கடைக்குத் திரும்பியதும் இவர் மாலையோடு ஏறிக்கொண்டார். அதே ஏற்றம். டப் டப்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். “ஏங்க, செத்த பின்னாடி போயி ஒக்காருங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மா ஒரு தடவ.”

முணுமுணுத்துக்கொண்டே வாழைத்தாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஏற்றினேன். சத்தமே இல்லை. திரும்பி வந்து அவரை முன்னால் உட்கார வைத்தேன். உதைத்தது. இவர் தொண்ணூற்றாறு கிலோ. ஆனால் எடைதான் காரணம் என்றால் பின்னால் உட்கார்ந்தாலும் அதே எடைதானே?

“நான் ஏறுனா வண்டி ஓடாதுங்கிறியா?” இவர் முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கும் ஒன்னும் வெளங்கலீங்க. மணி பதினொன்னு ஆகப்போகுது. நீங்க பின்னாடியே இருங்க, போயிருவோம்.”

அடுத்த முப்பத்தைந்து கிலோமீட்டரை வண்டி ஒரு தடவை கூட இருமாமல் கடந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, முருங்கைத் தோட்டம், நடுநடுவே காற்றாலைகள். அழகான சாலை. நான் அதில் பாதியைத்தான் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த இவர் முகத்தைப் பார்ப்பதிலேயே மீதி போய்விட்டது. மடியில் மாலை, காலடியில் வாழைத்தார்.

கோயிலை அடைந்தபோது பதினொன்று நாற்பது. புவனா ஓடி வந்து கதவைத் திறந்தாள். “முன்னாடி எடம் இருக்கயில அண்ணே ஏன் பின்னாடி ஒக்காந்து வருது?” என்றாள். இவர் நேராகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், யாழினியை மடியில் வைத்தார்கள். முதல் காதுக்கு அழவில்லை. இரண்டாவது காதுக்கு ஊரைக் கூட்டிவிட்டாள். நல்ல நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் புவனாவின் கணவர் செந்திலிடம் நடந்ததைச் சொன்னேன். தென்னை விவசாயி. தோட்டத்து மோட்டார்களைத் தானே பிரித்துப் பார்ப்பவர். அவருக்கும் புரியவில்லை.

“ஏனுங்க்கா, மச்சான் ஒக்காந்தா மட்டுமுங்களா? இதென்னங்க கூத்தா இருக்குது!”

வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, பக்கத்து இருக்கையைத் தூக்கினோம். தகர மூடியையும் கழற்றினோம். பிளக்குக்குப் போகும் கறுப்பு வயர்களில் ஒன்று தன் இடத்தில் இல்லாமல் இன்ஜின் மேலேயே கிடந்தது. அதைப் பிடித்து வைக்கும் கிளிப்பைக் காணவில்லை. வயரின் மேல்பக்கம் தேய்ந்து ஒரு கோடு. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கத்தில், அதே இடத்தில், துரு உரசிப் பளபளவென்று இன்னொரு கோடு.

“செந்திலு, இந்தக் கோட்டப் பாருங்க” என்றேன். எனக்கே குரல் உயர்ந்துவிட்டது.

இன்ஜினை ஓடவிட்டு, நானும் செந்திலும் ஒரு சாக்கை மேலே போர்த்திக்கொண்டு இருட்டாக்கினோம். அவர் ஒரு காய்ந்த குச்சியால் அந்த வயரை மெல்ல அமுக்கினார். டிக், டிக் என்று நீலமாக ஒரு பொறி வயரிலிருந்து இரும்புக்குத் தாவியது. அதே நொடியில் இன்ஜின் திணறியது. குச்சியை எடுத்தார், சீரானது. மறுபடி அமுக்கினார், திணறியது.

இவ்வளவுதான். கனமான ஆள் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் மூடி அமுங்கும். மூடி வயரை அமுக்கும். ஏற்றத்தில் இன்ஜினுக்குச் சுமை கூடும்போது, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே இரும்பில் இறங்கிவிடும். இவர் ஓட்டியவரை அங்கே உட்கார்ந்தது ஐம்பது கிலோ நான். நான் ஓட்ட ஆரம்பித்ததும் அங்கே இவர். மெக்கானிக்குகள் ஓட்டியபோதெல்லாம் இவர் வண்டியிலேயே இல்லை.

சாக்கை விலக்கியபோது இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மூடியை எடுத்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

“கடையில அத்தன பேரு முன்னாடி ஒன்னயச் சொல்லிட்டேன்ல.”

“ஆமா, சொன்னீங்க.”

“தப்புத்தான்.”

அவ்வளவுதான் பேசினோம். ஆனால் மாலை காப்பி நேரத்தில், கூடியிருந்த சொந்தக்காரர்களிடம் வண்டிக் கதையை அவரே ஆரம்பித்தார். திருச்சிக் கடையில் சொன்னதையும் விடாமல் சொன்னார். “கோளாறு டிரைவர்கிட்ட இல்லீங்க, பக்கத்து சீட்டுல இருந்துச்சு” என்று முடித்தபோது சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. இந்த முறை நானும் நிஜமாகவே சிரித்தேன்.

செந்தில் அந்த வயருக்கு ஒரு பழைய ரப்பர் குழாயைக் கீறி மாட்டி, ஓரமாக இழுத்துக் கட்டிவிட்டார். மறுநாள் திரும்பும்போது திண்டுக்கல்லில் புது வயர் செட்டும் கிளிப்பும் வாங்கி, பேகம்பூர் பாயிடமே மாட்டச் சொன்னோம். கதையைக் கேட்டுவிட்டு, “அதத்தான் நானும் சந்தேகப்பட்டேன்” என்றார்.

இதே வழியில் பழைய வண்டியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போக மட்டும் ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர்; தொந்தரவு இல்லாவிட்டால் நாலு மணி நேரம் போதும். ஒட்டன்சத்திரம் சந்தையைக் காலையில் கடக்க அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உள்ளூர்ச் சாலைகளில் கடைகள் குறைவு, தண்ணீரையும் பெட்ரோலையும் முன்பே நிரப்பிவிடுங்கள். மெக்கானிக்கிடம் போனால், வண்டி எப்போது திணறுகிறது என்பதோடு, அப்போது யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது அதே மாதிரி எல்லோரும் ஏறிக்கொள்ளுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வண்டியின் குழப்பம் தீர்ந்துவிட்டது. இன்னொன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்துவிட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமே, தப்பு என்னுடையதுதான் என்று எப்படி அவ்வளவு சுலபமாக நம்பினேன்?

திரும்பும் வழியில் இவர் முன்னால்தான் உட்கார்ந்தார். முதலில் பாதி உடம்பைக் கதவுப் பக்கம் சாய்த்துக்கொண்டு, இருக்கைக்கு வலிக்காமல் உட்கார்ந்தார். “நல்லா ஒக்காருங்க” என்று சொன்ன பிறகுதான் சாய்ந்தார். ஒவ்வொரு மேம்பாலத்திலும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், வண்டி அமைதியாக ஏறி இறங்கியது. வடமதுரையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வேகத்தடையில் ஒரு பெரிய குலுக்கல் குலுக்கி இன்ஜின் நின்றே போனது.

இவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். “இது யாரு?”

“இது நான்தான். கிளட்ச்ச வேகமா விட்டுட்டேன்.”

சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பியது.