போனுக்குள் நிற்கிற வரிசை

இதெல்லாம் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? முட்டிவலிக்காரி ஒருத்தி தீம் பார்க்குக்குப் போனாளாம், அங்கே போனுக்குள்ளேயே வரிசை நிற்கிற ஏற்பாட்டைப் பார்த்தாளாம், வந்த நாளிலிருந்து அதையே புகழ்ந்துகொண்டிருக்கிறாளாம், ஏன் என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் அடுப்பில் ஒன்றும் இல்லையா? துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கவில்லையா? அடுத்த வீட்டுக் கதை என்றால் மட்டும் எங்கிருந்தோ நேரம் வந்துவிடுகிறது. சரி, உட்கார்ந்தும் விட்டீர்கள். கேட்டுவிட்டுப் போங்கள். நடுவில் அப்புறம் அப்புறம் என்று அவசரப்படுத்தினால் நிறுத்திவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

என் மகள் பிரான்சில் இருக்கிறாள். பாண்டிச்சேரியில் இது பெரிய விஷயமில்லை. சாரம் பக்கம் எங்கள் தெருவிலேயே யாராவது ஒருத்தர் வீட்டுக்கு அங்கிருந்து சாக்லேட் வந்துகொண்டுதான் இருக்கும். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வாங்கிய குடியுரிமை பேரன்வரை இறங்கி வந்தது. பேரன் என் மகளைக் கட்டிக்கொண்டு அவளையும் அங்கே அழைத்துப் போய்விட்டார். இனி அவள் வரவேண்டுமானால் பிள்ளைகளுக்கு வக்கான்ஸ் விடவேண்டும். பள்ளிக்கூட லீவை எங்கள் ஊரில் பிரெஞ்சு வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்த வார்த்தைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வக்கான்ஸ்தான்.

வந்தால் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் பேர். இறங்கியதும் அரியாங்குப்பத்தில் மாமியார் வீடு. அங்கே ஒரு வாரம். அப்புறம் பல் ஆஸ்பத்திரி. அந்த ஊரில் பல்லைக் காட்ட ரொம்ப நாள் காத்துக்கிடக்கவேண்டுமாம். அதனால் அந்தக் குடும்பத்துப் பல் எல்லாம் விமானம் ஏறி வந்து இங்கேதான் சரியாகும். அப்புறம் கண்ணாடிக் கடை. அப்புறம் தையற்காரரிடம் ஒரு மூட்டை ரவிக்கை. அப்புறம் இவர் வீட்டு விருந்து, அவர் வீட்டு வளைகாப்பு. இடையில் வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், படுத்ததும் தூங்கிவிடுவாள். போனில் பேசலாமே என்பீர்கள். பேசினேனே. போனில் எனக்குத் தெரிவதெல்லாம் பேரனின் மூக்குதான். அவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம். அவளும் நானும் மட்டும், நடுவில் யாரும் இல்லாமல். ரகசியம் ஒன்றும் இல்லை. அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவேண்டும். அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று அவள் வாயால் கேட்கவேண்டும். போன தடவை அவள் வந்து போனதிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு அது. அவளோ வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போதுதான் கையில் சிக்குவாள். அங்கே நின்றுகொண்டு எதைப் பேசுவது?

புறப்படுவதற்கு முதல் நாள், பிள்ளைகள் தீம் பார்க் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். போச்சு, அந்த ஒரு நாளும் போச்சு என்று நினைத்தேன். நான் வரவில்லை, என் வயசுக்கு ராட்டினம் எதற்கு என்றேன். பிறகு, வீட்டில் இருந்தால் அவள் முகம்கூடத் தெரியாது, காரிலாவது அவள் பக்கத்தில் உட்காரலாமே என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். காரில் பேத்தி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சென்னைக்குப் போகிற கடற்கரைச் சாலை முழுக்க அவளுடைய முழங்கைதான் எனக்குத் துணை.

பார்க்கில் கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் தண்ணீரில் சறுக்குகிற பக்கம் ஓடிவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் பெரிய ராட்டினத்தில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் மாப்பிள்ளை. அந்த ராட்டினத்தைப் பார்த்ததும் என் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சுற்றுவதற்குப் பயந்து இல்லை, வரிசைக்குப் பயந்து. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, ஆதார் அட்டை என்று நான் நிற்காத வரிசை இல்லை. இங்கேயும் அப்படித்தான் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

என் மகள் அங்கே ஒரு பலகையில் இருந்த கறுப்புக் கட்டத்துக்கு நேராகப் போனைக் காட்டினாள். "அவ்ளோதாம்மா. வா, நெழல்ல போயி ஒக்காரலாம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள், நம் பெயர் போனுக்குள் வரிசையில் நிற்கிறதாம். நாம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். முறை நெருங்கினால் போன் அதிரும். அப்போது வந்தால் போதும். வராவிட்டால் முறை போய்விடும், மறுபடி போட்டுக்கொள்ளவேண்டும்.

இது எங்கள் தெருவில் எப்போதோ இருந்ததுதான். தெருக் குழாயில் தண்ணீர் விட்ட காலத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்க் குழம்பைத் தாளித்துவிட்டு வருவோம். குடம் நமக்காக நிற்கும். பின்னால் இருக்கிறவள் நல்லவளாக இருந்தால் நம் குடத்தையும் காலால் தள்ளி முன்னே நகர்த்துவாள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது குடம் சாக்கடை ஓரத்தில் உருண்டுகிடக்கும். அது எப்படி அங்கே போனது என்று நான் விசாரித்த ஒருத்தி இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் கண்ணால் பார்க்கிற குடத்தை நம்பலாம், போனுக்குள் இருக்கிற குடத்தை எப்படி நம்புவது? மகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் என் துணிப்பையை ராட்டினத்து வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே.

நாங்கள் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காருவதற்குள் சீருடை போட்ட பெண் ஒருத்தி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஆயா, இங்க பைய மாட்னாலாம் எடம் கெடைக்காது" என்றாள்.

"பைக்கு எடம் வேணாம்மா. அதுக்குத் தலசுத்தும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்த ஏற்பாட்டின் நல்லதைச் சொல்கிறேன். கால் வலிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் பாத்ரூம் போய் வரலாம். போனுக்கு மாமன் மச்சான் கிடையாது, யாரோ தெரிந்தவர் என்று குறுக்கே விடாது. இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். வரிசையில் நிற்கிறவர்கள் பேசிக்கொண்டுதான் நிற்பார்கள். ஆனால் ஒரு கண் முன்னால் இருப்பவர் பிடரியிலும், ஒரு காது பின்னால் இருப்பவர் காலடியிலும் இருக்கும். பாதி மனசு இடத்தைக் காவல் காக்கும், மீதிப் பாதிதான் பேசும். இங்கே காவல் வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. தூரமாக எங்கேயும் போகமுடியாது, எதையும் செய்யவும் வேண்டாம். மகளைக் கூப்பிட மாமியார் இல்லை, பல் டாக்டர் இல்லை, தையற்காரர் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தை யாரோ முன்பின் தெரியாதவர்கள் நிழலில் பெஞ்சு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் தூங்கிவிட்டாள். என் தோளில் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியோரம் இரண்டு முடி வெளுத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எழுப்பியிருக்கலாம். என் பேச்சு அவள் தூக்கத்தைவிட முக்கியமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் மடியிலிருந்த போன் அதிர ஆரம்பித்தது.

எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. தமிழில் இருந்தால் மட்டும் நான் படித்துக் கிழித்திருப்பேனா, அது வேறு. எதைத் தொட்டால் நிற்கும் என்று தெரியவில்லை. அதனால் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி அது கொஞ்ச நேரம் அடியில் கத்தியது. நான் கனமான பொம்பளை. அடங்கிவிட்டது. எங்கள் முறையில் வேறு யாரோ ராட்டினத்தில் ஏறி மேலே போனார்கள்.

அவள் கண் விழித்தபோது வெயில் எங்கள் காலடிக்கு வந்திருந்தது.

"கூப்ட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்ல. கூட்டமா இருக்குது போல."

"போன் எங்க?"

லேசாக எழுந்து எடுத்துக் கொடுத்தேன். சூடாக இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்ம மொற போயிடுச்சி" என்றாள்.

"போனா போவுது. ராட்டினம் எங்க போயிடப்போவுது, அங்கயேதான சுத்திக்கினு இருக்குது?"

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் போனை இரண்டு தட்டுத் தட்டினாள். மறுபடி போட்டுவிட்டாளாம், முக்கால் மணி நேரம் ஆகுமாம். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "இப்ப சொல்லு. வந்ததுலேருந்து என்னமோ சொல்லணும்னு என் பின்னாடியே சுத்திக்கினு இருக்கிற" என்றாள்.

கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது தெரிந்ததும் சேர்த்துவைத்த பேச்செல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பல்வலி போய்விட்டதா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டினாள். தலைவலி வந்தால் அங்கே யார் பிடித்துவிடுகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நெற்றிப்பொட்டை அழுத்தினேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"வீட்டுக்கு என்னா, நல்லாதான் இருக்குது. திட்றதுக்குத்தான் ஆளு இல்ல. ஒங்கப்பா இருந்தப்ப வாய்க்கு வேல இருந்துச்சி."

"என்னத் திட்டேன்."

"நீ இங்க இருந்தாதானடி திட்றதுக்கு."

அவள் என் கையை எடுத்து நெற்றியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். ராட்டினம் மெதுவாகச் சுற்றியது. அதில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்குக் கை காட்டினார்கள். எங்களுக்கு இல்லை என்றாலும் நானும் காட்டினேன். அந்த முக்கால் மணி நேரத்தை அந்த இயந்திரம் மறந்துபோய் சாயங்காலம்வரை நீட்டிவிடக் கூடாதா என்று இருந்தது. அது மறக்கிற சாதி இல்லை. ஆனால் அது கூப்பிடுவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் நனைந்த துணியோடு பசி பசி என்று வந்து நின்றார்கள். அவள் எழுந்து துண்டைத் தேடினாள். அந்த முறையும் போச்சு, ராட்டினத்தில் ஏறவே இல்லை.

மறுநாள் காலையில் கார் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொன்னாள். செய்தாள், பேரனின் மூக்கோடு.

அவள் கிளம்பிய அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரியும் கோடிவீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்துகொண்டு பார்க் கதையைக் கேட்டார்கள். ராட்டினத்தில் உச்சிக்குப் போனேன் என்றேன். அங்கிருந்து பார்த்தால் கடலில் கப்பல் தெரிகிறது, காற்று புடவையைப் பிடுங்குகிறது, என் மகள் பயந்து என் கையை விடவே இல்லை என்றேன். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"அவ்ளோ கூட்டத்துல ரொம்ப நேரம் காத்துக் கெடந்திருப்பீங்களேக்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"எங்க?" என்றேன். "ஒக்காந்தோம், ஒடனே கூப்ட்டுட்டாங்க."