மஞ்சள் சட்டைக்குப் பயந்த வருடம்

2002-இல் கடல் தாண்டி மான்மவுத் ஜங்ஷனுக்கு நாங்கள் குடிவந்த புதிது. ஒரு கடையில், குழந்தையை வைத்துத் தள்ளிய ஸ்ட்ரோலரின் அடியில் போட்டிருந்த குழந்தை ஷூவுக்குப் பணம் கொடுக்க மறந்து வெளியே வந்துவிட்டேன். கைது செய்தார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதத்தோடு, மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு பூங்காவில் சனிக்கிழமைகளில் பத்து நாள் குப்பை பொறுக்கச் சொன்னார்கள்.

சாயங்காலமானால் நம் ஆட்கள் வாக்கிங் வரும் பூங்கா அது. "நம்ம ஜனங்க பார்த்தா மானம் போயிடும். ஏதாவது சொல்லி வேற டேட் வாங்கு," என்றார் கணவர். ஒரு வருடம் இழுத்தடித்து, யார் கண்ணிலும் படாத ஒரு கிடங்கில் அந்த வேலையை முடித்தேன்.

ஐந்து வருடம் கழித்துக் குற்றப் பதிவை அழித்துவிடலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணிக் காத்திருந்து வக்கீலிடம் போனேன். தண்டனையை முடித்த நாளிலிருந்துதான் கணக்கு, இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கோர்ட்டில் ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லையே!

அந்த ஒரு வருடத்தில்தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்கு அழைத்தார்கள். பழைய கேஸ் ஏதும் உண்டா என்று பார்க்கக் கைரேகை எடுத்ததும் எல்லாம் வெளியே வந்தது. டேகேரை நடத்தியவர் அதே பூங்காவில் நடக்கும் தமிழ் ஆன்ட்டி. "உன் பேர்ல கேஸ் இருக்காமே? சாரிம்மா, என்னால வேலை குடுக்க முடியாது," என்றார்.

இப்போது பதிவு அழிந்துவிட்டது. ஆத்திரம் அழியவில்லை. இப்படி மாட்டிக்கொண்டு யாராவது போனில் அழுதால், "முதல் சனிக்கிழமையே சட்டையை மாட்டிக்கிட்டுப் போ, நானும் கூட வரேன்," என்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணோடு அதே பூங்காவுக்குப் போனேன். வாக்கிங் வந்த அந்த டேகேர் ஆன்ட்டி நின்று பார்த்தார். நான்தான் முதலில் கையசைத்தேன்.