பேதுருவைக் கேலி செய்த நாள்

காலை ஆராதனையில், ஆண்டவரை நோக்கிக் கடல்மேல் நடக்கையில் பயந்து அமிழ்ந்த பேதுருவைக் கேலி செய்து பிரசங்கித்தேன். கல்முனைச் சபையே சிரித்தது.

மாலையில் தெருவில், "கடல் வருது!" என்று கூச்சல். சுனாமி பார்த்த ஊரல்லவா! மோட்டார் சைக்கிளில் பறந்து போய் வயல்வெளியில் நின்றபோதுதான் தெரிந்தது: ஹெல்மெட்டை மறக்கவில்லை, மனைவியை மறந்திருக்கிறேன்.

வெறும் வதந்தி என்றார்கள். பதறித் திரும்பினேன். நடக்க முடியாத பக்கத்து வீட்டு முஸ்லிம் மூதாட்டி உம்மாவின் கையைப் பிடித்தபடி மனைவி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நீ ஓடல்ல?"

"உம்மாவ விட்டுட்டு எப்பிடி ஓடுற?"

உம்மா சிரித்தார். "எங்க ரெண்டு பேருக்கும் படைச்சவன் இருந்தான், தம்பி. உங்களுக்கு மோட்டார் சைக்கிள் இருந்திச்சி."

ஊரையே சிரிக்க வைக்கும் எனக்குத் தலை நிமிரவில்லை. பேதுரு அமிழும்போதாவது "ஆண்டவரே" என்று கூப்பிட்டார். எனக்கு அந்தப் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.