முதலியார்பேட்டைக்கு ஒரு விசா

என் கணவரின் அண்ணன் பிறந்தது புதுச்சேரி முதலியார்பேட்டையில், நாங்கள் குடியிருந்த அதே வீட்டின் நடு அறையில். எழுபதுகளின் கடைசியில் அவர் அந்த வீட்டுக்கே சுற்றுலாப் பயணியாக வந்து சேர்ந்தார். கேலிக்காகச் சொல்லவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டில் அடித்திருந்த விசா முத்திரை அப்படித்தான் சொன்னது.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் மாமனார் மில் தொழிலாளி. மூத்த மகனான மாமாவுக்கு மில்லின் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். இளையவரான என் கணவருக்கு எந்தத் தூசியும் ஒத்துக்கொள்ளும் என்பதால் மில்லுக்குப் போனார். அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். மாமா அங்கே இருந்தபடி எழுதிக் கொடுத்தார். என் கணவர் இங்கே இருந்தபடி சும்மா இருந்தார். தேசப்பற்றா என்று கேட்டால், அந்தச் சமயத்தில் மில்லில் இரட்டை ஷிப்ட் ஓடியது என்பார்.

ஆக, ஒரு வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், இன்னொருவர் இந்தியர். நானோ விழுப்புரத்துக்காரி. நான் சிறுமியாக இருந்தபோது புதுச்சேரிக்கு வந்தால் எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, அம்மாவின் பையைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அப்படி அயல்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என்னிடம் இன்றுவரை யாரும் ஒரு காகிதம் கேட்டதில்லை.

மாமா பட்டாளத்தை முடித்து, பிரான்சின் துலோன் துறைமுகத்தில் சில வருடம் வேலை பார்த்து, அதையும் முடித்தார். காரைக்காலில் பெண்ணெடுத்திருந்தார், அந்த அக்கா துலோனிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகித் தன் குடும்பத்தோடு இருந்தாள். இனி மிச்சக் காலத்தைப் பிறந்த வீட்டில் கழிப்பது என்று மாமா முடிவு செய்தார். முடிவு செய்தவர் விசாவுக்கு விண்ணப்பித்தார். எதற்காகப் போகிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே சுற்றுலா, வியாபாரம், படிப்பு என்று கட்டங்கள் இருந்தன. வயசாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்பதற்குக் கட்டம் இல்லை. எதிலாவது ஒரு குறி போடுங்கள் என்றார்களாம். மாமா சுற்றுலாவில் போட்டார்.

வந்தவர் நன்றாகவே சுற்றிப் பார்த்தார். முதல் நாள் லுங்கியைக் கட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாம் நாள் ஒழுகுகிற ஓட்டைப் பார்த்தார். மூன்றாம் நாள் கூரைமேல் ஏறி அதை மாற்றினார். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளோடு வாசலில் பேரம் பேசி, "இன்னாம்மா இது, சங்கரா கண்ணு உள்ள போயிருக்குது, நேத்து மீனா?" என்று சண்டை போட்டார். இப்படி ஒரு சுற்றுலாப் பயணியை அந்த அம்மாள் அதுவரை பார்த்ததில்லை.

விசா மூன்று மாதத்துக்குத்தான். அதை நீட்டிக்கவும், வெளிநாட்டவராகப் பதிந்துகொள்ளவும் அதற்கென்று இருக்கும் ஆபீசுக்குப் போக வேண்டும். மாமாவுக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரியும். ஆபீசுக்கு ஆங்கிலம்தான் தெரியும். நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சுத்தமான தமிழர். ஒரு தமிழர் தமிழில் கேட்டார், ஒரு தமிழர் தமிழில் சொன்னார், நடுவில் நான் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"புதுச்சேரிக்கு எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"எங்க வீடு இங்கதாங்க இருக்குது."

"அது சரி. வந்த காரணம் வேணும்லா?"

மாமா என்னைப் பார்த்தார். அதிகாரி இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் எதற்கு வந்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"இங்க ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் உண்டா?"

"தம்பி இருக்கிறாரு. இவங்க அவரு சம்சாரம்."

"அப்போ தம்பிதான் ஒங்களைத் தங்க வச்சிருக்கார். வெளிநாட்டுக்காரரை வீட்டுல வச்சிருக்கேன், அவர் நடத்தைக்கு நான் பொறுப்புன்னு அவர் எழுதித் தரணும்." அவர் மோசமான மனிதர் இல்லை. எங்களுக்கு டீகூட வாங்கிக் கொடுத்தார். சட்டத்தில் அப்படி இருந்தது, அவர் சட்டப்படி கேட்டார்.

வாழ்நாளெல்லாம் அண்ணனுக்கு முன்னால் சத்தமாகப் பேசியறியாத என் கணவர், அன்று சாயங்காலம் அண்ணனின் நடத்தைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு ஒளியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அடுத்த ஒரு வாரம் வீட்டில் இருக்க முடியவில்லை.

"அண்ணே, எங்க போற? சொல்லிட்டுப் போ. நான் ஜாமீன் குடுத்திருக்கிறேன்."

"முடிவெட்டப் போறேன்டா."

"சீக்கிரம் வந்துடு."

மாமா சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பு விசா இருந்த வரைக்கும் இருந்தது. விசாவுக்கு ஒரு முறை நீட்டிப்புக் கிடைத்தது, அதன்பின் இன்னொரு முறை. மூன்றாம் முறை போனபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைச் செய்தால் செய்தி நல்லதாக இருக்காது என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

"சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. டூரிஸ்ட் விசாவ இதுக்கு மேல நீட்ட முடியாது. வேற வகையா மாத்தணும்னா நாட்டுக்கு வெளிய போயி அங்கருந்து கேக்கணும்."

"எந்த நாட்டுக்கு வெளிய?" என்றார் மாமா.

"இந்த நாட்டுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னோம். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடியே, "அன்னைக்கே அந்தப் பிரெஞ்சுக் காயிதத்துல கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம்ல?" என்றார்.

பதினேழு பதினெட்டு வருடமாக அந்தக் கேள்வி அவருக்குள் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"போடலைன்னா எனக்குப் பென்ஷன் யாரு குடுப்பா? நீ குடுப்பியா?"

"அம்மா சாவும்போது கேட்டுச்சி, பெரியவன் எப்ப வருவான்னு. நான் இன்னா சொல்றது? அவன் இப்போ பிரான்சுக்காரன், லீவு கெடைக்கலைன்னா?"

மாமா எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கத் தொடங்கினார். துலோனுக்கே போய்விடுகிறாராம், எங்களுக்குத் தொந்தரவு வேண்டாமாம். அடுத்த சில நாள் அண்ணனும் தம்பியும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று இவர் சொல்வார். "எனக்குப் பசியில்லைன்னு சொல்லும்மா" என்று அவர் சொல்வார். இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆபீசிலாவது நான் எழுதினால் போதும், வீட்டில் வாயாலும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

சமாதானத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு சொல்தா ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரும் இதே பாடு பட்டவர். "வெளிய போன்னா பாரிசுக்கா போவணும்? கொழும்புக்குப் போ. விழுப்புரத்துல ரயில் ஏறுனா ராமேஸ்வரம், அங்க கப்பல் ஏறுனா தலைமன்னார். கொழும்புல இந்தியா ஆபீஸ் இருக்குது, எழுதிக் குடு, வாங்கிகிட்டு வந்துடு" என்றார், ஏதோ பக்கத்திலிருக்கிற உழவர்கரைக்குப் போய் வரச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வருவதற்காக வீட்டை விட்டுக் கடல்தாண்டிப் போவது என்று தீர்மானமாயிற்று. என் கணவர் மில்லில் லீவு போட்டார். எதற்கு என்று மாமா கேட்டதற்கு, "ராமேஸ்வரத்துல தீர்த்தமாடணும்னு ரொம்ப நாளா நெனப்பு" என்றார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. நானும் கூடவே போனேன். வழியெல்லாம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மானாமதுரை தாண்டியதும் என் கணவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து அண்ணன் பக்கம் நகர்த்தினார். மாமா சாப்பிட்டார். எனக்கு அன்றோடு வீட்டு மொழிபெயர்ப்பு வேலை போயிற்று.

கப்பல் துறையில் மாமா வரிசையில் போய் நின்றார். என் கணவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "தண்ணி காய்ச்சிக் குடி. கண்டதைத் தின்னாத" என்று கத்தினார். பட்டாளத்தில் பதினைந்து வருடம் பாலைவனத்திலும் பனியிலும் கிடந்தவருக்கு அந்த அறிவுரை. கப்பல் புள்ளியாகிற வரைக்கும் நின்றுவிட்டு, "மண்ணு கண்ணுல பட்டுடுச்சி" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். காற்று அப்போது கடலிலிருந்துதான் அடித்தது.

கொழும்பில் நடந்ததை மாமா பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினார். அங்கிருந்த அதிகாரி ஒரு வடநாட்டு இளைஞர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாராம்: இதற்கு முன் இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா? மாமா தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டி, பிறந்ததே அங்கேதான் என்றாராம். இளைஞர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். அது பிரெஞ்சில் இருந்தது. அது எழுதப்பட்ட நாளில் அந்த ஊர் இந்தியாவும் இல்லை. ஆகவே மாமா பிறந்தது வேறு நாட்டில் என்று அவர் முடிவு கட்டினார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. காகிதப்படி அதுதான் உண்மை.

"அப்பறம் இன்னா பண்ணீங்க, மாமா?" என்றேன்.

"ஆமா, நான் பொறந்தப்ப அது வேற நாடு, இப்ப நான் வேற நாடு, ஆனா வீடு மட்டும் நகரவேயில்லை, தம்பி அங்கதான் இருக்கிறான்னு சொன்னேன். அந்தப் பையன் சிரிச்சிட்டான். தம்பியப் பாக்கணும்னு எழுதுங்கன்னான்."

கொழும்பில் ஒரு லாட்ஜில் சில வாரம் காத்திருந்த பிறகு ஒரு வருட விசா கிடைத்தது. உறவினரோடு தங்குவதற்கான விசா. சுற்றுலாப் பயணியாகப் போனவர் விருந்தாளியாகத் திரும்பினார். பதவி உயர்வுதான். ராமேஸ்வரத்தில் இறங்கியபோது சுங்க அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, மாமா தமிழில் பதில் சொல்லியிருக்கிறார்.

"தமிழ் நல்லாப் பேசுறீங்களே சார், எங்க கத்துக்கிட்டீங்க?"

"முதலியார்பேட்டையில" என்றாராம் மாமா.

அதன்பிறகு கொழும்புக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை புதுச்சேரியிலேயே நீட்டித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளுக்காக மாமா பேன்ட் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, தம்பியின் புதுக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புவார். கையெழுத்துப் போடும்போது என் கணவர் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்வார். "போன மாசம் எனக்குச் சொல்லாம சினிமாவுக்குப் போன" என்பார். "போட்றா" என்பார் மாமா.

எண்பதுகளின் நடுவில் அந்தத் திருநெல்வேலி அதிகாரிக்கு ஓய்வு பெறும் காலம் வந்தது. அதற்குள் அவர் எங்கள் வீட்டில் இரண்டொரு முறை மீன்குழம்பு சாப்பிட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"எங்க ஊருல இனி யாருமில்ல. இந்த ஊரு மனசுக்குப் பிடிச்சுப்போச்சு. உழவர்கரைப் பக்கம் மனை பாத்திருக்கேன். நல்ல கொத்தனார் யாரும் ஒங்களுக்குத் தெரியுமா?"

மாமா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். புதுச்சேரிக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம், கேட்டால் நன்றாக இருக்குமே என்று ஆசையும்கூட. மாமா கேட்கவில்லை. மறுநாளே கொத்தனாரை அழைத்துக்கொண்டு உழவர்கரைக்குப் போனார். அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை தினமும் சைக்கிளில் போய் மேற்பார்வை பார்த்தது அவர்தான். யாருடைய ஜாமீனும் இல்லாமல், எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டத்தில்கூடக் குறி போடாமல், அந்த மனிதர் புதுச்சேரிவாசி ஆனார். கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சியபோது முதல் தம்ளரை மாமாவுக்குத்தான் கொடுத்தார்.

அடுத்த வருடம் நீட்டிப்புக்குப் போகிற நாளில் அவரும் எங்களோடு வந்தார். தன் பழைய ஆபீஸ், தான் ஒரு வார்த்தை சொன்னால் சட்டென்று முடியும் என்பது அவருடைய எண்ணம். உள்ளே புதிதாக வந்திருந்த இளைஞர் எங்கள் மூவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் யாரு?"

"நான் இங்கதான் ஆபீசரா..." என்று தொடங்கினார் நம்மவர்.

"விண்ணப்பதாரரும் மொழிபெயர்க்கிறவங்களும் மட்டும் இருங்க. மத்தவங்க வெளியில பெஞ்சுல உக்காருங்க."

நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெளியே போய் உட்கார்ந்தார். நாங்கள் வேலை முடிந்து வரும்போது பெஞ்சில் மூன்று டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "எத்தன மாசம் குடுத்தான்?" என்றார். ஒரு வருடம் என்றார் மாமா.

"பரவால்ல, நல்ல பையன்தான்" என்றார் அவர். மூவரும் டீயைக் குடித்துவிட்டு, மார்க்கெட் வழியாகப் போனால் ஏதாவது மீன் இருக்கும் என்று நடந்தோம்.