வரிக்குதிரைப் பரீட்சையில் தோற்கப் போனது

அன்று பயண நிறுவனத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பி, நிறுவனத்துப் பெண், புறப்பட மூன்று மாதம் இருக்கும்போதே காக்கித் தொப்பி போட்டு வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். ஐந்து பேரில் தோற்பதற்கென்றே வந்தவன் நான் மட்டும்தான்.

கென்யாவில் பன்னிரண்டு நாள். சும்மா ஜீப்பில் போய்ச் சிங்கம் பார்த்துவிட்டு வருவதல்ல. நாம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு காட்டைக் காக்கப் போகிறது. போதாததற்கு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நாமும் வேலை செய்ய வேண்டும். வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுத்துப் பழகியவன் நான். வேலையும் செய்து கூலியும் நாமே கொடுப்பது புதிதாக இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருஷமாகச் சாலைக் கடைத்தெருவில் என் துணிக்கடையில் என்னோடு நின்று கைலியும் துண்டும் மடித்தவள், சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்றே இருவருக்கும் முன்பணம் கட்டிவிட்டாள். மீதி என் பொறுப்பு.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சலடிக்குமாம். கூடாரத்துக்குக் கதவு கிடையாது, ஜிப்தானாம். கடையில் பையும் விற்கிறேன்; ஜிப்பின் ஆயுள் எனக்குத் தெரியும்.

"யானை பாக்கவா இம்புட்டுப் பணம் குடுக்கிய அத்தான்?" என்றான் மச்சினன். "எங்க எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வாங்க. ரெண்டு வாழைய நட்டு வையிங்க. அதுவே வந்து உங்களப் பாத்துட்டுப் போவும்."

"நீ வாய மூடுல," என்றாள் அவன் அக்கா.

என் நம்பிக்கையெல்லாம் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. தம்பதியில் ஒருவர் தோற்றாலும் இருவரின் முன்பணமும் முழுதாகத் திரும்பும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குத் தோற்பது என்ன பெரிய காரியம்?

"ஒண்ணும் பேடிக்கண்டா அங்கிள்," என்று மலையாளத்தில் பயப்பட வேண்டாமென்று சொல்லி அந்தப் பெண் தாளை நீட்டினாள். பத்து ஜோடி வரிக்குதிரைப் படங்கள். ஜோடியில் இருப்பது ஒரே குதிரையா, வேறு வேறா? ஒன்றின் கோடுகள் இன்னொன்றுக்கு வராதாம். அதை வைத்துத்தான் அங்கே ஆளடையாளம் பார்க்கிறார்களாம்.

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். எனக்கு அது தேவைப்படவில்லை. பொங்கலுக்கு வாங்கிய துண்டை ஓணத்துக்குக் கொண்டுவந்து, "இங்கதான் எடுத்தேன், மாத்திக் கொடு" என்பவர்களை முப்பது வருஷமாகத் துண்டிலுள்ள கோடுகளை வைத்தே திருப்பி அனுப்புகிறவன் நான். பத்துக்கும் சரியான விடை கண்ணில் பட்டுவிட்டது. பத்தையும் மாற்றி எழுதினேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

விடைகளை அவள் உரக்கப் படித்தாள். நானும் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தேன். ஆறாவதுக்கு, "ஒரே குதிர," என்றாள். அதிகாரி, "கரெக்ட், கரெக்ட்," என்று தொப்பியை ஆட்டினார்.

சும்மா இருந்திருக்கலாம்.

"இல்லம்மா, இது வேற பீஸ்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆன்சர் ஷீட்ல ஒண்ணுன்னுதானே இருக்கு அங்கிள்?"

"ஷீட்டு தப்பு. முன்னங்காலுக்கு மேல மூணாவது கோடு பாருங்க. இதுல ரெண்டாப் பிரியுது. அதுல பிரியாமலே வயித்துக்கு இறங்குது. யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?"

எந்தக் கடையில் நிற்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன். அந்தப் பெண் இரண்டு படத்தையும் வாட்ஸ்அப்பில் கென்யாவுக்கு அனுப்பினாள். டீ வந்து ஆறுவதற்குள் பதில் வந்தது: இரண்டும் வேறு குதிரைகள், விடைத்தாள்தான் தவறு, கண்டுபிடித்தவரைக் கட்டாயம் அனுப்பிவைக்கவும்.

"அங்கிளுக்கு இனி எதுக்கு எக்ஸாம்? பாஸ்!" என்று அவள் கை குலுக்கினாள். அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மனைவி என் தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தாள். ஆறாவதில், நான் அடித்துப் பேசியதற்கு நேர்மாறாக, ஒரே குதிரை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மற்ற ஒன்பதையும் பார்த்தாள். பிறகு என்னை.

"கோடு விஷயத்துல நீங்க பத்தும் தப்பா எழுதுற ஆளா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் டீயைக் குடித்தேன். அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜிப் சரியாகத்தான் மூடியது.

"துண்டு யாவாரிக்கு வந்த வாழ்வப் பாருங்க," என்றான் மச்சினன்.

அந்தப் பெண் என் பெயரில் பில் எழுதிக் கொடுத்தாள். பாக்கி, நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.